கையே இல்லை, ஆனால் கை வலிக்கிறது! ஒரு கண்ணாடி இந்த வலியைக் குறைக்குமா? முழு விளக்கம்

தறியில் உட்காரும் நெசவாளிக்கு முதல் என்பது பணம் மட்டுமல்ல, இரண்டு கைகளும்தான். நாடா தள்ள ஒரு கை, பலகை அடிக்க ஒரு கை, கீழே குழிக்குள் மிதிக்க இரண்டு கால்கள். இதில் ஒன்று வேலை செய்யாவிட்டாலும் தறி நின்றுவிடும். தறி நின்றால் கூலியும் நின்றுவிடும்.

அப்படிப்பட்ட கை உடைந்து, கட்டுப் போட்டு, எலும்பும் கூடிவிட்டது. எக்ஸ்ரேவில் எல்லாம் சரி. ஆனால் வலி மட்டும் போகவில்லை. மாதக்கணக்கில் எரிகிறது, வீங்குகிறது, துணி பட்டால்கூட சுள்ளென்கிறது. இது ஏன்? இன்னொரு பக்கம், சர்க்கரை நோயால் காலையே எடுத்துவிட்ட பிறகும், 'இல்லாத' கட்டைவிரல் வலிக்கிறது என்கிறார் ஒருவர். அது எப்படி?

இந்த இரண்டு கேள்விக்கும் மருத்துவ உலகம் கண்டுபிடித்த பதில்களில் ஒன்று, நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி. அதைக் கண்டுபிடித்தவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த ஒரு தமிழர். இந்தச் சிகிச்சை என்ன, எப்படி வேலை செய்கிறது, யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது? பார்க்கலாம்.

மாகறலில் ஏன் இந்தப் பேச்சு?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய தொண்டை நாட்டுத் தலங்களில் ஒன்றான திருமாகறலீஸ்வரர் கோயில் இங்குதான் உள்ளது. எலும்பு, மூட்டு, கை கால் தொடர்பான நோய்கள் தீர இங்கு வந்து வழிபடுவது பக்தர்களின் வழக்கம். கை கால் வலி என்பது இந்த ஊருக்குப் புதிய விஷயம் இல்லை.

சுற்றிலும் பட்டு நெசவு வட்டாரம். காஞ்சிபுரம் பட்டின் அடையாளமான கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டையும் ஊடையிலேயே கோர்த்து நெய்ய வேண்டும். அதனால் தறியில் நெசவாளியோடு இன்னொருவரும் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவார். மணிக்கட்டு, தோள்பட்டை, கழுத்து, முழங்கால் என்று வலி வருவது இந்தத் தொழிலோடு சேர்ந்தே வரும் விஷயம்.

ஆனால், ஓய்வு எடுத்தால் குறையும் அந்த வேலை வலி வேறு. இங்கே பேசப்போவது ஓய்வெடுத்தாலும், மாத்திரை போட்டாலும், காயம் ஆறினாலும் போகாத வலி. அதில் முக்கியமானவை இரண்டு.

எலும்பு கூடிய பிறகும் வலிப்பது ஏன்?

முதலாவது, 'சிஆர்பிஎஸ்' என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்லும் சிக்கலான வட்டார வலி நோய். பெரும்பாலும் மணிக்கட்டு எலும்பு முறிவு, சுளுக்கு, அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குப் பிறகு வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. காலைவிடக் கையில் அதிகம்.

இதன் அடையாளங்கள் என்ன?

- பட்ட காயத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவு கடுமையான, எரிச்சலான வலி
- சேலை முந்தானை, போர்வை, மின்விசிறிக் காற்று பட்டால்கூட வலி
- ஒரு கை மட்டும் சிவந்தோ, நீலம் பாரித்தோ, சூடாகவோ, சில்லென்றோ இருப்பது
- வீக்கம், அந்தக் கையில் மட்டும் அதிக வியர்வை
- நகம், ரோமம் வளர்வதில் மாற்றம், தோல் பளபளப்பாவது
- விரல்கள் விறைத்துப்போவது, நடுக்கம், மடக்க முடியாமல் போவது

இதற்கு முன்பு பல பெயர்கள் இருந்தன. 1994-ல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் எல்லாவற்றையும் ஒன்றாக்கி இப்போதைய பெயரைக் கொடுத்தது. 2003-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் நிபுணர்கள் கூடி, நோயைக் கண்டறியும் விதிகளைத் திருத்தினார்கள். இன்றும் டாக்டர்கள் பயன்படுத்துவது இந்த 'புடாபெஸ்ட் விதிகளை'த்தான். தனியாக ஒரு ரத்தப் பரிசோதனையோ, ஒரே ஒரு ஸ்கேனோ இதை உறுதி செய்துவிடாது. டாக்டர் கையைப் பார்த்து, தொட்டு, கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கேதான் பிரச்சினை. எக்ஸ்ரேவில் ஒன்றும் தெரியாததால் வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும். "எலும்புதான் கூடிடுச்சே, இன்னும் என்னம்மா வலி?" என்று கேட்பார்கள். தார் சுற்றும் பெண்ணோ, கரை நாடா தள்ளும் மருமகளோ கையைத் தூக்க முடியவில்லை என்றால், வேலைக்குப் பயந்து சாக்கு சொல்வதாக நினைத்துவிடுவார்கள். ஆனால் இது உண்மையான நோய், உண்மையான வலி.

இல்லாத கால் எப்படி வலிக்கும்?

இரண்டாவது, 'பேன்டம் லிம்ப்' வலி. தமிழில் மாய உறுப்பு வலி என்று சொல்லலாம். சாலை விபத்திலோ, சர்க்கரை நோய்ப் புண்ணாலோ, போரிலோ கை காலை இழந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அந்த உறுப்பு இன்னும் இருப்பது போன்ற உணர்வு இருக்கும். அதில் பலருக்கு அந்த இல்லாத உறுப்பு வலிக்கவும் செய்யும். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி, நகம் குத்துவது போல இருக்கும். கையே இல்லாதபோது அதைப் பிரித்துவிடுவது எப்படி?

16-ம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு ராணுவ அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே இதை எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களைப் பார்த்த டாக்டர் சைலஸ் வியர் மிட்செல், 1871-ல் இதற்கு 'பேன்டம் லிம்ப்' என்று பெயர் வைத்தார். பெயர் வந்துவிட்டதே தவிர, அடுத்த 100 ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல சிகிச்சை வரவில்லை. மீதியிருக்கும் தண்டை இன்னும் கொஞ்சம் வெட்டுவது, நரம்பை அறுப்பது என்றெல்லாம் செய்து பார்த்தார்கள். பலருக்கு வலி திரும்ப வந்தது.

மூளைக்குள் ஒரு வரைபடம்

இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். நம் மூளையின் மேற்பரப்பில் உடலின் வரைபடம் ஒன்று இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியால் நகரில் வேலை செய்த மூளை அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டு, 1930-களில் இதை வரைந்து காட்டினார். மூளையின் ஒரு புள்ளியைத் தூண்டினால் விரல் கூசும், பக்கத்துப் புள்ளியைத் தூண்டினால் முகம் கூசும். இந்த வரைபடத்தில் உதடும் விரல்களும் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கும். முதுகு சின்னதாக இருக்கும். எந்த இடத்தில் நுட்பமான உணர்வு வேண்டுமோ அந்த இடத்துக்கு மூளையில் அதிக நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு வேடிக்கை. வரைபடத்தில் கைக்குப் பக்கத்து வீடு முகம்தான்.

ஸ்டான்லியில் படித்த டாக்டர்

இங்கேதான் விலயனூர் எஸ். ராமச்சந்திரன் வருகிறார். 1951-ல் தமிழ்நாட்டில் பிறந்தவர். அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் முடித்து, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பேராசிரியரானார். 2007-ல் இவருக்கு பத்ம பூஷண் விருது வழங்கப்பட்டது.

1990-களின் தொடக்கத்தில், விபத்தில் கையை இழந்த ஒரு இளைஞரின் கன்னத்தை ராமச்சந்திரன் பஞ்சுக் குச்சியால் தொட்டார். "கன்னத்திலும் தெரிகிறது, இல்லாத கட்டைவிரலிலும் தெரிகிறது" என்ற அர்த்தத்தில் பதில் வந்தது. கை போனதும், மூளையில் காலியான இடத்துக்குள் பக்கத்து வீடான முகம் குடியேறிவிட்டதோ என்று அவர் கருதினார்.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் முக்கியம். பல நோயாளிகள், 'மாயக் கை' அசையவே மாட்டேன் என்கிறது, உறைந்துபோய் வலிக்கிறது என்றார்கள். கை துண்டிக்கப்படுவதற்கு முன்பே நரம்பு அறுந்து, செயலிழந்து கிடந்த கைகள் அவை. 'அசை' என்று மூளை கட்டளை போடும். 'அசையவில்லை' என்று கண் தகவல் அனுப்பும். இப்படி மாதக்கணக்கில் நடந்ததில், கை அசையாது என்பதையே மூளை பாடமாகப் படித்துவிட்டது என்பது ராமச்சந்திரனின் கருத்து. படித்த பாடம் என்றால், அதை மறக்க வைக்கவும் முடியும் இல்லையா? அதற்குக் கண்ணுக்கு ஒரு அசையும் கை தெரிய வேண்டும்.

ஒரு அட்டைப்பெட்டி, நடுவில் ஒரு கண்ணாடி

தீர்வு மிக எளிது. மேல்மூடி இல்லாத ஒரு பெட்டி. நடுவில் செங்குத்தாக ஒரு கண்ணாடி. நல்ல கையைக் கண்ணாடியின் முன்பக்கம் விட வேண்டும். கண்ணாடியைப் பார்த்தால், இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் நல்ல கையின் பிம்பம் தெரியும். இப்போது நல்ல கையை அசைத்தால், இரண்டு கைகளும் அசைவது போல மூளைக்குத் தோன்றும்.

மோட்டார்சைக்கிள் விபத்தில் நரம்பு அறுந்து, பிறகு கையையே இழந்த ஒருவர் இதில் கையை விட்டுப் பார்த்தார். சுமார் 10 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மாயக் கை அசைவதாக அவருக்குத் தோன்றியது. கண்ணை மூடியதும் மீண்டும் உறைந்தது. பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய் சில வாரங்கள் பயிற்சி செய்த பிறகு, மாயக் கையின் பெரும்பகுதி மறைந்து, முழங்கையில் இருந்த வலியும் போனது. ராமச்சந்திரனும் அவரது மனைவி டயேன் ராஜர்ஸ் ராமச்சந்திரனும் இதை 1996-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளியிட்டார்கள்.

சரி, ஆதாரம் இருக்கிறதா?

ஒரு நோயாளிக்கு வேலை செய்தது எல்லோருக்கும் செய்யுமா? அடுத்தடுத்து ஆய்வுகள் நடந்தன.

2003: இங்கிலாந்தில் கேண்டிடா மெக்கேப் தலைமையிலான குழு, சிஆர்பிஎஸ் நோயாளிகள் 8 பேருக்குக் கண்ணாடிப் பயிற்சி கொடுத்தது. நோய் வந்து 8 வாரத்துக்குள் இருந்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. 2 ஆண்டுக்கு மேலானவர்களுக்குப் பலன் இல்லை. சீக்கிரம் தொடங்குவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது ஒரு அறிகுறி.

2007: அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களிடம் நடந்த ஆய்வு. 18 பேர் முழுமையாகப் பங்கேற்றார்கள். 6 பேருக்குக் கண்ணாடி, 6 பேருக்குத் துணியால் மூடிய கண்ணாடி, 6 பேருக்கு வெறும் கற்பனை. தினமும் 15 நிமிடம், 4 வாரம். கண்ணாடி பார்த்த 6 பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடிக் குழுவில் ஒருவருக்கும், கற்பனைக் குழுவில் 2 பேருக்கும் மட்டுமே குறைந்தது. சிலருக்கு வலி கூடவும் செய்தது.

2018: கம்போடியாவில் கண்ணிவெடியில் கால் இழந்தவர்களிடம் நடந்த ஆய்வு வெளியானது. கண்ணாடிப் பயிற்சி, தொடுதல் பயிற்சி, இரண்டும் சேர்த்து என்று மூன்று குழுக்கள். மூன்றிலுமே வலி குறைந்தது. பெரிய மருத்துவமனை இல்லாத கிராமங்களிலும் இதைச் செய்ய முடியும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். போர் முடிந்த பிறகும் கை கால் இழந்தவர்கள் நிறைய வாழும் இலங்கையின் வடக்கு, கிழக்குக்கும் இது பொருந்தும்.

ஆஸ்திரேலியா சொன்ன 'மூன்று படி'

கண்ணாடியை எடுத்த எடுப்பிலேயே கொடுத்தால் சிலருக்கு வலி அதிகமாகிறது. காரணம் என்ன? சிஆர்பிஎஸ் முற்றியவர்களுக்கு, கையை அசைப்பதாக நினைத்தாலே போதும், வலியும் வீக்கமும் கூடுகின்றன. இதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

அதனால் ஆஸ்திரேலிய வலி ஆராய்ச்சியாளர் லோரிமர் மோஸ்லி, படிப்படியாகப் போகும் ஒரு முறையை 2004-ல் வெளியிட்டார். மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு நாள்பட்ட சிஆர்பிஎஸ் வந்த 13 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. மொத்தம் 6 வாரம். ஒவ்வொரு படிக்கும் 2 வாரம்.

படி 1 - இடதா, வலதா? பல கோணங்களில் எடுத்த கைப் படங்களைக் காட்டுவார்கள். இது இடது கையா, வலது கையா என்று வேகமாகச் சொல்ல வேண்டும். இதைச் சொல்ல, மூளை தன் சொந்தக் கையை உள்ளுக்குள் திருப்பிப் பார்க்கிறது. கை அசையவில்லை, வலி இல்லை, ஆனால் மூளையின் அசைவுப் பகுதிக்கு மெதுவாகப் பயிற்சி கிடைக்கிறது. வலி இருக்கும் பக்கத்துக் கையை அடையாளம் சொல்ல நோயாளிகளுக்கு அதிக நேரம் ஆகிறது என்பதும் தெரியவந்தது.

படி 2 - கற்பனை. படத்தில் இருக்கும் நிலைக்குத் தன் கை மெதுவாகப் போவதாக மனதில் நினைக்க வேண்டும். கை அசையக் கூடாது.

படி 3 - கண்ணாடி. அதன் பிறகுதான் கண்ணாடி முன் உட்கார்ந்து பயிற்சி.

2006-ல் 51 பேரிடம் நடந்த அடுத்த ஆய்வில், மாய உறுப்பு வலி உள்ளவர்களும் சேர்க்கப்பட்டார்கள். அதிலும் வலி குறைந்தது, வேலை செய்யும் திறன் கூடியது. படிகளின் வரிசையை மாற்றினால் அதே பலன் கிடைப்பதில்லை என்பதும் மோஸ்லியின் இன்னொரு ஆய்வில் தெரிந்தது.

தொட்டால் மட்டும் போதாது, சொல்லவும் வேண்டும்

கண்ணுக்குப் பயிற்சி கொடுப்பது போல, தோலுக்கும் ஒரு பயிற்சி உண்டு. 2001-ல் ஜெர்மனியின் ஹெர்டா ஃப்ளோர் குழு, கை இழந்தவர்களின் மீதித் தண்டில் மெல்லிய மின் தூண்டல் கொடுத்து, எந்த இடத்தில் வந்தது என்று சொல்லச் சொன்னது. 2 வாரப் பயிற்சியில் மாய உறுப்பு வலி குறைந்தது.

2008-ல் மோஸ்லி இதை இன்னும் எளிதாக்கினார். சிஆர்பிஎஸ் உள்ள 13 பேர். கையில் சில புள்ளிகள் குறிக்கப்பட்டன. பேனா மூடி, பாட்டில் தக்கை என்று இரண்டு அளவுப் பொருள்களால் தொட்டு, 'எந்தப் புள்ளி? எது தொட்டது?' என்று கேட்டார்கள். பதில் சொன்னபோது வலி குறைந்தது. கேள்வி கேட்காமல் சும்மா தொட்டபோது குறையவில்லை. அதாவது தேய்த்துவிடுவதில் இல்லை விஷயம். மூளை கவனித்து, வித்தியாசம் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது.

காஞ்சிபுரம் பக்கத்து வீடுகளுக்கு இதற்கு ஏற்ற பொருள்கள் கைவசமே உண்டு. பட்டு நூல், பருத்தித் துணி, ஜரிகை, சாக்கு. கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது எது என்று சொல்வதே பயிற்சி. நூலைத் தொட்டே தரம் சொல்லும் விரல்களுக்கு இது பழக்கமான வேலைதான். ஆனால் மென்மையானதில் தொடங்கி, தாங்கும் அளவுக்கு மட்டுமே போக வேண்டும்.

பைனாகுலரில் பார்த்தால் வலி கூடுமா?

கண்ணுக்கும் வலிக்கும் என்ன தொடர்பு என்று இன்னும் சந்தேகம் இருக்கிறதா? 2008-ல் வெளியான இன்னொரு ஆய்வு இது. நாள்பட்ட கை வலி உள்ள 10 பேரைக் கையை அசைக்கச் சொல்லி, பைனாகுலர் வழியாக அதைப் பார்க்கச் சொன்னார்கள். கை பெரிதாகத் தெரிந்தபோது வலியும் வீக்கமும் கூடின. பைனாகுலரைத் திருப்பிப் பிடித்து, கை சின்னதாகத் தெரிந்தபோது இரண்டுமே குறைந்தன. வீக்கம் என்பது அளந்து பார்க்கக்கூடிய விஷயம். கண் பார்த்தது உடம்பையே மாற்றுகிறது.

அப்போ இது மனப்பிரமையா?

இல்லை. இதைத்தான் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். எல்லா வலியையும் உணர வைப்பது மூளைதான். முள் குத்திய வலி ஆனாலும், தேள் கொட்டிய வலி ஆனாலும் அப்படித்தான். உடம்பிலிருந்து வரும் சமிக்ஞையை மூளை எடைபோட்டு, 'ஆபத்து' என்று முடிவு செய்தால் வலி வரும். சிஆர்பிஎஸ், மாய உறுப்பு வலி இரண்டிலும் அந்த எச்சரிக்கை மணி, காயம் ஆறிய பிறகும் நிற்காமல் அடித்துக்கொண்டிருக்கிறது. மணியின் சத்தம் பொய் இல்லை. அதை மெதுவாக நிறுத்தப் பழக்குவதுதான் இந்தப் பயிற்சி.

விஞ்ஞானிகளுக்குள்ளேயே விவாதம்

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்ணாடி ஏன் வேலை செய்கிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கை போனதும் மூளையின் வரைபடமே மாறிவிடுகிறது என்ற பழைய கருத்தை டமார் மேக்கின் என்ற விஞ்ஞானியின் ஆய்வுகள் கேள்வி கேட்கின்றன. 2013-ல் வந்த ஆய்வில், மாய உறுப்பு வலி அதிகம் உள்ளவர்களின் மூளையில் கைக்கான பகுதி அப்படியே பத்திரமாக இருந்தது. 2025-ல் வந்த ஆய்வில், கை எடுக்கப்படுவதற்கு முன்பும் பின்பும் 3 பேரை ஸ்கேன் செய்து பார்த்தபோது வரைபடம் பெரிதாக மாறவில்லை.

பலன் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, சிஆர்பிஎஸ் நோய்க்கு இந்தப் பயிற்சிகள் உதவலாம், ஆனால் ஆய்வுகள் சிறியவை, ஆதாரத்தின் தரம் குறைவு என்கிறது. பக்கவாதம் வந்தவர்களின் கை அசைவை மேம்படுத்துவதில் ஆதாரம் இன்னும் கொஞ்சம் வலுவாக உள்ளது. 2018-ல் காக்ரேன் தொகுத்ததில் 62 ஆய்வுகளும் 1,982 பேரும் இருந்தனர்.

ஆக, இது அதிசய மருந்து இல்லை. சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்குக் கொஞ்சம் கேட்கும், சிலருக்குக் கேட்காது. செலவும் ஆபத்தும் குறைவு என்பதால் முயன்று பார்க்கலாம் என்பதே இதன் பலம்.

வீட்டில் எப்படிச் செய்வது?

முதலில் டாக்டர் அல்லது பிசியோதெரபிஸ்ட் பார்த்து, என்ன வலி என்று உறுதி செய்ய வேண்டும். அவர்கள் சொன்ன பிறகு வீட்டில் தொடரலாம்.

1. படப் பயிற்சி: வீட்டில் இருப்பவர் தன் இடது, வலது கைகளைப் பல கோணத்தில் செல்போனில் 40, 50 படம் எடுத்து வைக்கலாம். அதை மாற்றி மாற்றிக் காட்டி, இடதா வலதா என்று கேட்கலாம். 10-க்கு 8-க்கு மேல் சரியாகவும், தடுமாறாமலும் சொல்ல வந்த பிறகு அடுத்த படிக்குப் போகலாம். காலில் வலி என்றால் பாதங்களைப் படம் எடுக்க வேண்டும். ஒன்றைக் கவனிக்கவும்: செல்ஃபி கேமராவில் எடுத்தால் இடம் வலம் மாறிவிடக்கூடும். பின்பக்க கேமராவே நல்லது.

2. கண்ணாடி: கைக்கு, முழங்கை வரை மறைக்கும் அளவுள்ள கண்ணாடி போதும். ஓரம் கூராக இல்லாமல் சட்டம் போட்டதாக இருக்கட்டும். மேஜையில் மார்புக்கு நேராக, செங்குத்தாக, ஆடாமல் நிற்க வேண்டும். காலுக்கு, ஆள் உயரக் கண்ணாடியைப் படுக்கைவசமாக இரண்டு கால்களுக்கு நடுவில் வைக்கலாம்.

3. மோதிரம், வளையல், வாட்ச், கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பிம்பத்தில் வேறு அடையாளம் தெரிந்தால் 'இது என் கை இல்லை' என்று மூளை கண்டுபிடித்துவிடும்.

4. வலி உள்ள கை கண்ணாடிக்குப் பின்னால். நல்ல கை முன்னால். முதலில் ஒரு நிமிடம் சும்மா பிம்பத்தைப் பாருங்கள். 'அது என் கைதான்' என்ற உணர்வு வரட்டும்.

5. பிறகு நல்ல கையை மெதுவாக அசையுங்கள். விரலை விரிப்பது, மடக்குவது, உள்ளங்கையைத் திருப்புவது, கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொடுவது. நாடாவைப் பிடிப்பது போலவும் செய்து பார்க்கலாம்.

6. தொடக்கத்தில் 5 நிமிடம் போதும். மெதுவாக 10, 15 நிமிடம் ஆக்கலாம். ஒரே நாளில் ஒரு மணி நேரம் செய்வதைவிட, தினமும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதே பலன் தரும். குறைந்தது 4 முதல் 6 வாரம் வேண்டும்.

7. வலி கூடினால், தலை சுற்றினால், குமட்டினால், அழுகை வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அடுத்த நாள் ஒரு படி பின்னால் போங்கள்.

டிவி, பேச்சு, செல்போன் சத்தம் இல்லாத நேரமாக இருக்கட்டும். கவனம்தான் இங்கே மருந்து.

யாருக்கு இது இல்லை?

- சர்க்கரை நோயால் இரண்டு பாதமும் எரிவது வேறு வகை நரம்பு வலி. அதற்குச் சர்க்கரைக் கட்டுப்பாடும் மருந்தும்தான் வழி.
- கழுத்து நரம்பு அழுத்தம், மணிக்கட்டு நரம்பு அழுத்தம், மூட்டுத் தேய்மானம் போன்றவற்றுக்குத் தனிச் சிகிச்சை உண்டு.
- வலிப்பு நோய், கடுமையான தலைசுற்றல், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.
- போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளைத் தானாக நிறுத்தக் கூடாது. கண்ணாடி, மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் துணைதான், மாற்று இல்லை.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நேரம் எது?

கட்டு அல்லது மாவுக்கட்டு போட்ட கையில் விரல்கள் நீலமாகி, மரத்து, அசைக்க முடியாமல் வலி ஏறிக்கொண்டே போனால் காத்திருக்கக் கூடாது. நாட்டுக் கட்டாக இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரிக் கட்டாக இருந்தாலும் சரி, ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். சில மணி நேரத் தாமதம்கூடக் கையைப் பாதிக்கும். காய்ச்சலோடு சிவந்து வீங்கினாலும், திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், இடது கை வலியோடு நெஞ்சு அழுத்தம் இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுதான். 108-ஐ அழைக்கவும்.

எங்கே போகலாம்?

மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைகளில் பிசியோதெரபி சிகிச்சை கிடைக்கும். மாகறல் சுற்றுவட்டாரத்தினருக்குப் பக்கத்தில் இருப்பது காஞ்சிபுரம். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் உள்ளது. செயற்கைக் கால் தேவைப்படுபவர்களும் அங்கே போகலாம். வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் 1966-லிருந்து இயங்குகிறது. விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே டாக்டராக வேலை செய்த மேரி வர்கீஸ் உருவாக்கிய பிரிவு அது.

வெளியே போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் வசதி உண்டு. ஊர் சுகாதாரப் பணியாளரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் விவரம் கிடைக்கும்.

மணிக்கட்டு உடைந்து கட்டு பிரித்த பிறகும் எரிச்சல், வீக்கம், நிற மாற்றம் தொடர்ந்தால், 'காலப்போக்கில் சரியாகிடும்' என்று விட்டுவிட வேண்டாம். 'சிஆர்பிஎஸ் ஆக இருக்குமா?' என்று டாக்டரிடம் நேரடியாகக் கேட்கலாம். வலிக்குப் பயந்து கையைத் துணியில் கட்டித் தூளியில் மாட்டியே வைத்திருப்பது நிலைமையை மோசமாக்கும். தாங்கும் அளவுக்கு அதைப் பயன்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

சுருக்கமாக

- காயம் ஆறியும் போகாத வலி பொய் வலி இல்லை. நரம்பு மண்டலத்தின் எச்சரிக்கை மணி நிற்காததால் வரும் உண்மையான வலி.
- கண்ணாடி, இடது வலது படப் பயிற்சி, தொட்டுச் சொல்லும் பயிற்சி மூன்றும் அந்த மணியை அடக்க உதவலாம்.
- எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.
- வரிசை முக்கியம்: முதலில் படம், பிறகு கற்பனை, கடைசியில் கண்ணாடி.
- எல்லோருக்கும் பலன் தரும் என்ற உத்தரவாதம் இல்லை. டாக்டர், பிசியோதெரபிஸ்ட் ஆலோசனை கட்டாயம்.
- வீட்டில் ஒருவர் வலிக்கிறது என்றால், முதல் சிகிச்சை அதை நம்புவது.